செயின்ட் லூயிஸ் போட்ட கையெழுத்து

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு அணி திடீர்னு மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்குப் போய்விடும். பேர், சட்டை, வீரர்கள், பழைய கோப்பைகள் எல்லாம் கூடவே போகும். அந்த ஊர்க்காரர்கள் வரிப்பணத்தில் கட்டிக் கொடுத்த ஸ்டேடியம் மட்டும் அங்கேயே நிற்கும். இது எப்படி நடக்கிறது, அதுவும் ஒரே ஊருக்கு இரண்டு தடவை எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரத்தை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே 1995-ல் ராம்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் அணியோடு ஒரு குத்தகை ஒப்பந்தம் போட்டார்கள். முப்பது வருஷக் குத்தகை. அதில் ஒரு ஷரத்து இருந்தது. கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

ஷரத்து இதுதான்: 2005-லும் 2015-லும் ஸ்டேடியத்தை மதிப்பிட வேண்டும். அந்தச் சமயத்தில் அது லீக்கில் இருக்கும் ஸ்டேடியங்களில் முதல் கால்பங்குக்குள் இருக்கணும். கட்டடம் மொத்தமாகவும் அப்படி இருக்கணும், அதன் பாகங்கள் ஒவ்வொன்றும் அப்படி இருக்கணும். இல்லாவிட்டால் முப்பது வருஷக் குத்தகை வருஷாவருஷம் புதுப்பிக்கிற குத்தகையாகிவிடும். அதாவது அணி எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்.

மேலோட்டமாகப் பார்த்தால் "நல்லா பராமரிக்கிறோம்" என்று சொன்ன மாதிரிதான் இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்க. லீக்கில் இப்போது 32 அணிகள். முதல் கால்பங்கு என்றால் எட்டு இடம். நீங்கள் உங்கள் ஸ்டேடியத்தைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தாலும், வேறு ஏதோ ஊரில் எவனோ புதுசாக ஒன்று கட்டினால் நீங்கள் ஒரு படி இறங்குவீர்கள். உங்கள் கட்டடத்தில் ஒரு செங்கல்கூடப் பழுதாகாமலே நீங்கள் ஒப்பந்தத்தை மீறியவர் ஆகலாம். எல்லா ஊர்களும் இதே வாக்கைக் கொடுத்திருந்தால் முக்கால்வாசிப் பேர் கட்டாயம் தோற்றுத்தான் ஆகணும். கணக்கே அப்படி.

இப்படி ஒரு ஷரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் முட்டாள்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் எந்த நிலையில் நின்றுகொண்டு கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

செயின்ட் லூயிஸுக்கு முன்பே ஒரு ஃபுட்பால் அணி இருந்தது, கார்டினல்ஸ். 1960-ல் சிகாகோவிலிருந்து வந்த அணி. பேஸ்பால் அணியோடு ஒரே ஸ்டேடியத்தைப் பகிர்ந்து ஆடியது. (பேஸ்பால் அணிக்கும் அதே பேர்தான், குழம்பாதீர்கள்.) தனி ஸ்டேடியம் வேணும் என்று முதலாளி பில் பிட்வில் கேட்டுக்கொண்டே இருந்தார். கிடைக்கவில்லை. 1988-ல் அணியை அரிசோனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்.

சூடு பட்ட ஊர் என்ன செய்தது? ஸ்டேடியம் இல்லாமல்தானே போனான், முதலில் ஸ்டேடியத்தைக் கட்டிவிடுவோம், அணி தானாக வரும் என்று முடிவெடுத்தது. மாநாட்டு மையத்தை ஒட்டி, கூரை போட்ட அரங்கம் ஒன்று, 30 கோடி டாலரை நெருங்கும் செலவில். கடன் பத்திரம் விற்றுத்தான் பணம் திரட்டினார்கள். அசலும் வட்டியும் பராமரிப்பும் சேர்த்து ஆண்டுக்கு 2.4 கோடி டாலர்: மாநிலம் 1.2 கோடி, நகரம் 60 லட்சம், பக்கத்து செயின்ட் லூயிஸ் கவுன்ட்டி 60 லட்சம். 1993-ல் லீக் இரண்டு புது அணிகளை அறிவித்தபோது, நிச்சயம் ஒன்று நமக்குத்தான் என்று இருந்தார்கள். ஷார்லட்டும் ஜாக்சன்வில்லும் தட்டிக்கொண்டு போய்விட்டன.

ஆக, மண்டபம் எழும்பிக்கொண்டிருக்கிறது, கடன் ஓடிக்கொண்டிருக்கிறது, மாப்பிள்ளை இல்லை. அந்த நேரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஆடிக்கொண்டிருந்த ராம்ஸ் அணியின் உரிமையாளர் ஜார்ஜியா ஃபிரான்டியர், தன் சொந்த ஊரான செயின்ட் லூயிஸுக்கு வரத் தயார் என்றார். இந்த நிலையில் யார் யாருக்கு நிபந்தனை போடுவார்கள்? அணிக்கு ஆண்டு வாடகை இரண்டரை லட்சம் டாலர். நகரங்களும் மாநிலமும் கட்டுகிற 2.4 கோடியோடு ஒப்பிட்டால் நூறில் ஒரு பங்கு.

வாடகை இவ்வளவு குறைவாக இருப்பதற்குப் பேரம் மட்டுமா காரணம்? அமெரிக்கா முழுக்க இந்தப் பேரங்களுக்குப் பின்னால் வரிச்சட்டத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு இந்த மொத்த விவகாரத்திலும் மிகப் பிடித்த, அதாவது மிக எரிச்சலூட்டிய, பகுதி இது. அங்கே நகராட்சிகள் விற்கும் கடன் பத்திரங்களின் வட்டிக்கு மத்திய அரசு வருமான வரி கிடையாது. அதனால் வட்டி குறைவு. இந்தச் சலுகை தனியார் அணிகளுக்கு ஸ்டேடியம் கட்டப் போகக்கூடாது என்று 1986-ல் வரிச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார்கள். விதி இரண்டு நிபந்தனை வைத்தது: கட்டடத்தின் பயன்பாட்டில் 10 சதவீதத்துக்கு மேல் தனியாருடையதாக இருந்து, கூடவே கடனை அடைக்கும் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் அந்தத் தனியார் வழியாக வந்தால், சலுகை போய்விடும். இரண்டும் சேர்ந்தால்தான் போகும். ஸ்டேடியத்தில் முதல் நிபந்தனை எப்படியும் அடிபடும், அணி தனியார்தானே. அப்போ சலுகையைக் காப்பாற்ற ஒரே வழி இரண்டாவதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. அதாவது கடனில் 90 சதவீதமாவது பொதுப்பணத்திலிருந்து அடைக்கணும், அணியிடம் நிறைய வாடகை வாங்கக்கூடாது! மானியத்தை நிறுத்த எழுதிய சட்டம், நகரங்கள் இன்னும் அதிகமாகக் கொடுப்பதற்குக் காரணமாகிவிட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. லீக்கின் பெரிய வருமானம் டிவி உரிமை. அது எல்லா அணிக்கும் சமமாகப் பிரியும். பணக்காரர்களுக்கான சொகுசு அறைகள், அரங்கின் பெயரை விற்பது மாதிரி வருமானங்களில் பெரும்பகுதியை அணியே வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒரு முதலாளி இன்னொரு முதலாளியை முந்த வேண்டுமென்றால் அவனை விட நல்ல ஸ்டேடியம் வேணும். "முதல் கால்பங்கு" என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்த இடமாற்றத்துக்கு லீக் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. 1995 மார்ச்சில் மற்ற முதலாளிகள் வாக்களித்து மறுத்தார்கள். ஏகபோகத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவேன் என்று மிசூரியின் அட்டர்னி ஜெனரல் ஜே நிக்சன் மிரட்டினார். அடுத்த மாதமே சம்மதம் வந்தது. இந்த நிக்சன் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

முதல் சில வருஷங்கள் கொண்டாட்டம். 2000 ஜனவரியில் ராம்ஸ் சூப்பர் பௌல் ஜெயித்தது. 2005-ல் முதல் மதிப்பீடு வந்தபோது, சுமார் 3 கோடி டாலருக்குச் சில்லறை மராமத்து செய்து சமாளித்தார்கள். அதற்குள் அணியும் தோற்க ஆரம்பித்திருந்தது, அரங்கில் காலி நாற்காலிகள் கூடிக்கொண்டே வந்தன.

2008-ல் ஃபிரான்டியர் இறந்தார். 2010-ல் அவர் வாரிசுகளிடமிருந்து அணியை முழுசாக வாங்கியவர் ஸ்டான் க்ரோன்கி. ஆர்சனல் ரசிகர்களுக்கு இந்தப் பேரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மிசூரிக்காரர். செயின்ட் லூயிஸ் பேஸ்பால் அணியின் இரண்டு நட்சத்திரங்களான ஈனோஸ் ஸ்லாட்டர், ஸ்டான் மியூசியல் பேர்களைச் சேர்த்துத்தான் பெற்றோர் இவருக்கு ஈனோஸ் ஸ்டான்லி என்று பேர் வைத்தார்கள். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் ரொம்ப ஓவர் என்று சொல்லுவோம்.

2015 நெருங்கியதும் ஷரத்து விழித்துக்கொண்டது. மேம்படுத்த 12.4 கோடி டாலர் திட்டம் ஒன்றை அரங்கை நடத்தும் பொது அமைப்பு வைத்தது. அணி வைத்த திட்டம் சுமார் 70 கோடி. கூரையில் திறந்து மூடும் பகுதி, புது முகப்பு, எல்லாம். கட்டும்போது ஆன செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல், கவனியுங்க. விவகாரம் மூன்று நடுவர்களிடம் போனது. 2013 பிப்ரவரியில் அணியின் திட்டம்தான் ஒப்பந்தத்துக்குப் பொருந்தும் என்று தீர்ப்பளித்தார்கள். ஷரத்தைப் படித்தால் வேறு எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்? 70 கோடி கொடுக்க முடியாது என்று பொது அமைப்பு சொல்லிவிட்டது. குத்தகை வருஷாவருஷக் குத்தகையாகிவிட்டது. 2014 ஜனவரியில் க்ரோன்கி லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய இங்கிள்வுட்டில் 60 ஏக்கர் நிலம் வாங்கியதாகச் செய்தி வந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1995-ல் ராம்ஸும் ரெய்டர்ஸும் ஒரே ஆண்டில் கிளம்பிய பிறகு, நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் இருபது வருஷம் ஃபுட்பால் அணி இல்லாமல் இருந்தது. அது லீக்குக்கு நஷ்டமா? காலியாக இருந்ததுதான் அதன் உபயோகம். "புது ஸ்டேடியம் தராவிட்டால் லாஸ் ஏஞ்சலஸ் போறோம்" என்று எந்த முதலாளியும் எந்த ஊரிலும் சொல்லலாம். அணிகளின் எண்ணிக்கையை லீக் முடிவு செய்கிறது. அது எப்போதும் ஆசைப்படுகிற ஊர்களை விட ஒன்றிரண்டு குறைவாகவே இருக்கும்.

சரி, இப்போது நிக்சன். 2015-ல் அவர் மிசூரியின் ஆளுநர். (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறவர், நம்ம முதல்வர் மாதிரி.) மிசிசிப்பி ஆற்றங்கரையில் சுமார் 110 கோடி டாலரில் புது ஸ்டேடியம் கட்டலாம் என்று ஒரு திட்டத்தை முன்னின்று நடத்தினார். அதில் சுமார் 40 கோடி பொதுப்பணம். பழைய அரங்கின் கடனே இன்னும் தீரவில்லை! ஸ்டேடியத்துக்குப் பணம் கொடுக்கும் முன் மக்களிடம் வாக்கெடுக்கணும் என்று நகரத்தில் ஒரு விதி இருந்தது. அது செல்லாது என்று 2015-ல் நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் நகரமன்றம் தன் பங்காக 15 கோடியை அங்கீகரித்தது. திட்டம் போடுவதற்கு மட்டும் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் ஆனது.

பத்துப் பதினைந்து நாளில் க்ரோன்கியின் விண்ணப்பம் லீக்குக்குப் போனது. செயின்ட் லூயிஸ் மூன்று பெரிய லீக் அணிகளைத் தாங்கக்கூடிய ஊர் இல்லை, இந்த ஆற்றங்கரைத் திட்டத்தில் சேரும் எந்த அணியும் நாசமாகும் என்கிற தொனியில். 2016 ஜனவரி 12 அன்று ஹூஸ்டனில் முதலாளிகள் 30-2 என்று வாக்களித்தார்கள். இடமாற்றக் கட்டணம் 55 கோடி டாலர், மற்ற முதலாளிகளுக்குப் பிரியும். அந்த ஒரே ஆண்டில் ஃபோர்ப்ஸ் மதிப்பீட்டில் அணியின் விலை 145 கோடியிலிருந்து 290 கோடியாக ஏறியது. கட்டணம் வலித்திருக்காது.

லாஸ் ஏஞ்சலஸில் 500 கோடி டாலர் அளவுக்குச் செலவான சோஃபை ஸ்டேடியத்தை அவர் தனியார் பணத்தில்தான் கட்டினார் என்பதையும் சொல்லணும். முடியாது என்பதில்லை.

வழக்கமாகக் கதை இங்கே முடியும். 2017 ஏப்ரலில் நகரமும் கவுன்ட்டியும் அரங்க ஆணையமும் சேர்ந்து லீக் மேலும் அதன் அணிகள் மேலும் வழக்குப் போட்டன. குத்தகையை வைத்து வழக்குப் போட வழியில்லை, அதில் அணி பக்கம் சுத்தம். அவர்கள் பிடித்தது வேறொன்றை. 1980-களின் தொடக்கத்தில் ரெய்டர்ஸ் இடமாற்ற வழக்கில் லீக் தோற்றது. அதற்குப் பிறகு 1984-ல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள லீக்கே இடமாற்றத்துக்கு விதிமுறை எழுதியது. இருக்கிற ஊரிலேயே தொடர அணி நேர்மையாக முயன்றிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த விதியை நம்பித்தானே நாங்கள் பணம் செலவழித்தோம், நீங்கள் முன்பே முடிவு செய்துவிட்டு எங்களை ஓடவிட்டீர்கள் என்பது நகரத்தின் வாதம்.

தனி நடுவர்களிடம் கொண்டுபோக லீக் முயன்றது, முடியவில்லை. வேறு ஊருக்கு வழக்கை மாற்றக் கேட்டது, அதுவும் இல்லை. 2022 ஜனவரியில் செயின்ட் லூயிஸிலேயே, அந்த ஊர் ஜூரிகள் முன்னால் விசாரணை என்று ஆனது. சில முதலாளிகள் தங்கள் சொத்துக் கணக்கைத் தரணும் என்று நீதிபதி உத்தரவு போட்டார். 2021 நவம்பரில் 79 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வழக்கறிஞர்களுக்கு. நகரத்துக்குக் கிட்டத்தட்ட 25 கோடி, மீதி மற்றவர்களுக்கு. சில வாரம் கழித்து, 2022 பிப்ரவரியில், தன் புது ஸ்டேடியத்திலேயே ராம்ஸ் சூப்பர் பௌல் ஜெயித்தது.

79 கோடி பெரிய தொகைதான். ஆனால் இதை வைத்து மற்ற ஊர்கள் தெம்பாக இருக்கலாமா என்றால், எனக்குச் சந்தேகம். தீர்ப்பு எதுவும் வரவில்லை, சமரசம்தான். அந்த விதிமுறை ஊர்களுக்கு உரிமை தருகிறதா என்ற கேள்வி முடிவாகாமலே நிற்கிறது. அதோடு, லீக் தன் விதியைத் தானே திருத்தி எழுதிக்கொள்ளலாம்.

செயின்ட் லூயிஸில் இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. 2017 ஏப்ரலில், ராம்ஸ் போன அடுத்த வருஷம், ஒரு கால்பந்து அணிக்கு ஸ்டேடியம் கட்ட 6 கோடி டாலர் பொதுப்பணம் கேட்டு மக்களிடம் வாக்கெடுப்பு வந்தது. இந்தத் தடவை மக்களிடம் கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அத்தோடு வாய்ப்புப் போச்சு என்று பலரும் நினைத்தார்கள். பிறகு உள்ளூர் முதலாளிகள் வந்து பெரும்பாலும் தங்கள் பணத்திலேயே கட்டினார்கள். 2023 முதல் அணி அங்கே ஆடுகிறது.