குமிழி பிறக்கும் இடம்

இந்தத் துலிப் வடிவக் கண்ணாடிக் கோப்பையின் உள்ளடியில் சிறியதாக ஓர் எழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. பெல்ஜியத்தின் ப்ரேன்டொங்க் ஊரில் மூர்ட்காட் ஆலை தயாரிக்கும் 'டூவெல்' பீரின் முதலெழுத்து அது. வெறும் அலங்காரமல்ல, கோப்பையின் முக்கிய வேலை அங்கேதான் நடக்கிறது.

பீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு எளிதில் குமிழியாகாது. ஒட்டிக்கொள்ள ஏற்கெனவே ஒரு துளிக் காற்று வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் அதற்கு இடம் குறைவு. பொறித்த எழுத்தின் நுண்கீறல்களிலோ, பீரை ஊற்றும்போது காற்று சிக்கிக்கொள்கிறது. சுற்றியுள்ள வாயு அதற்குள் சேரச் சேரக் குமிழி பருத்து, பிரிந்து, வழியெல்லாம் வளர்ந்தபடி மேலேறுகிறது. கீறலில் எஞ்சிய காற்றில் அடுத்த குமிழி உடனே தொடங்கிவிடும். ஓயாத இந்தச் சரம்தான் மேலே நுரையைப் புதுப்பிக்கிறது. பதிலுக்குப் பீர் தன் வாயுவைச் சற்று விரைவாகவே இழக்கிறது.

கோப்பையின் இந்தத் துலிப் வடிவம் 1960களின் பிற்பகுதியில் வந்தது. 330 மில்லி புட்டி முழுவதையும் நுரையோடு கொள்ளும். அகன்ற வயிறு நுரைக்கு இடம் தருகிறது. குறுகிய கழுத்து அதைச் சிதறாமல் நிறுத்துகிறது.

எண்ணெய்ப் பிசுக்கோ சோப்பின் மிச்சமோ இருந்தால் எவ்வளவு நேர்த்தியான கோப்பையிலும் நுரை நிலைக்காது.