காயலான் கடைக்குப் போகும் ஹார்ட் டிஸ்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளோடு மின்கழிவைப் பிரித்தெடுக்கும் ஆலைகளும் இயங்குகின்றன. பழைய கணினி நேராக அங்கே போய்ச் சேர்ந்தால் கவலை குறைவு. வழியில் காயலான் கடைக்குக் கைமாறினால்தான் சிக்கல். ஹார்ட் டிஸ்க்கை உடைப்பதைவிடக் கழற்றி விற்பதில் காசு அதிகம்; அதற்குள் தொழிலாளர்களின் ஆதார் நகலும் சம்பளப் பட்டியலும் இருக்கலாம்.

“எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டோமே” என்பார்கள் அலுவலகத்தில். வாக்காளர் பட்டியலில் பெயரை நீக்கினால் ஆள் ஊரைவிட்டுப் போய்விடுவதில்லை. டெலீட்டும் அப்படித்தான்: பதிவேட்டிலிருந்து கோப்பின் பெயர் போகும், ‘காலி இடம்’ என்று காட்டப்படும் பகுதியில் தகவல் அப்படியே கிடக்கும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் இருவரும் பழைய டிஸ்க்குகள் 158ஐ வாங்கிச் சோதித்து, முடிவை 2003இல் வெளியிட்டனர். இயங்கிய 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மட்டுமே. 5,000க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்களும் சிக்கின. அமெரிக்க நிதி நிறுவனமான மார்கன் ஸ்டான்லியோ, பழைய டிஸ்க்குகளை அப்புறப்படுத்தும் பணியைத் தகவல் அழிப்பில் அனுபவமில்லாத சரக்கு இடமாற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. டிஸ்க்குகள் இணைய ஏலத்துக்கே வந்துவிட்டன. 2022இல் அபராதம் 3.5 கோடி டாலர்.

தீர்வு எளிது: காலி இடம் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்புவது. விண்டோஸில் ‘சைஃபர்’ கட்டளை காலி இடத்தின் மேல் மூன்று சுற்று எழுதும். மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் கோப்புகளைக் கையாளும் லிப்கெஸ்ட்எஃப்எஸ் நூலகத்திலும் ‘ஜீரோ ஃப்ரீ ஸ்பேஸ்’ என்ற கட்டளை உண்டு. பைத்தான் போன்ற மொழிகளிலிருந்தே அதை அழைக்கலாம். இருக்கும் கோப்புகளை இவை தொடுவதில்லை. ஆகவே டிஸ்க்கையே விற்பதானால் முழுவதையும் துடைக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி.க்கு இது போதாது. அதன் கட்டுப்பாட்டுச் சிப், புதிதாக எழுதுவதை வேறு இடத்துக்கு மாற்றிவிடும், பழையது தங்கிவிடலாம். தயாரிப்பாளர் தரும் ‘செக்யூர் எரேஸ்’ வசதியே பொருத்தம். கைபேசியில் குறியாக்கம் இயங்குவதை உறுதிசெய்துகொண்டு ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்யலாம்.

மின்கழிவு விதிகள் 2022இன்படி, பெரிய நிறுவனங்கள் பதிவுபெற்ற அமைப்புகளிடமே பழைய கருவிகளை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கும்போது ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணோடும் அழிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்குவது நல்லது. விதிமீறல் தெரிந்தால் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் புகார் தரலாம்.

தேவை முடிந்த தகவலை அழிக்கக் கோரும் உரிமையை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. கசிந்த தகவலால் பணமே பறிபோயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.