முதல் வீடு எந்தப் பகுதியில்? விலை கேட்கும் முன் பார்க்க வேண்டியவை

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை, மண்ணடி, புதுப்பேட்டை என்று சென்னையின் பழைய மஹல்லாக்களில் நம் குடும்பங்கள் பல, தலைமுறைக் கணக்கில் வாடகைக்கே இருந்து வருகின்றன. பிள்ளைகள் வளர்ந்து இடம் போதாமல் போகிறது. வாடகையும் வருடா வருடம் ஏறுகிறது. "இந்த வாடகையைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வீடே வாங்கியிருக்கலாமே" என்ற பேச்சு வீட்டில் அடிக்கடி எழுகிறது. சேமிப்பு, ஊரில் விற்ற நிலத்தின் பங்கு, வெளிநாட்டில் இருக்கும் தம்பி அனுப்பிய பணம், வீட்டுப் பெண்களின் நகை எல்லாவற்றையும் திரட்டி வீடு தேடத் தொடங்குகிறோம்.

பழைய மஹல்லாவில் விலை எட்டாது. அதனால் தாம்பரத்தைத் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. மேற்கே ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர். வடக்கே மீஞ்சூர், பொன்னேரி என்று தேடல் வெளியே போகிறது. இதில் தவறில்லை. ஆனால் எங்கே விலை குறைவு என்று மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, இரண்டு வருடத்தில் வீட்டைப் பூட்டிப் போட்டுப் பழைய இடத்துக்கே வாடகைக்குத் திரும்பும் குடும்பங்களும் உண்டு. வீட்டில் குறை இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். பகுதியில் குறை இருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே வீட்டைப் பார்க்கும் முன் பகுதியைப் பாருங்கள்.

விலை வேறு, செலவு வேறு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட தொகைகள்தான். உங்கள் நிலவரத்தை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதல் வீடு 32 லட்சம். ரயில் நிலையத்திலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே. இரண்டாவது வீடு 38 லட்சம், கொஞ்சம் சிறியது. நிலையத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போகலாம். பார்த்தவுடன் 6 லட்சம் மிச்சம் என்று முதல் வீட்டின் பக்கம் மனம் சாயும்.

முதல் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் இருவர் ஷேர் ஆட்டோவுக்குப் போக வர ஆளுக்கு 40 ரூபாய் கொடுத்தால், 25 நாளைக்கு 2,000 ரூபாய். இரண்டு பிள்ளைகளின் பள்ளி வேனுக்கு 3,000. கோடையில் லாரித் தண்ணீர், ஆண்டு முழுதும் கேன் தண்ணீர் எல்லாம் சேர்த்து மாதச் சராசரி 1,500. ஆக, மாதம் 6,500 ரூபாய் கூடுதல் செலவு. மிச்சம் என்று நினைத்த 6 லட்சமும் எட்டு வருடம் நிறைவதற்குள் கரைந்துவிடும். அதற்குப் பிறகும் அந்தச் செலவு நிற்காது.

இதில் நேரத்தைச் சேர்க்கவில்லை. ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் கூடினால், மாதத்துக்கு ஏறத்தாழ 37 மணி நேரம் ஒருவருக்குப் போகிறது. பிள்ளைகள் தூங்கிய பிறகு வீடு திரும்பும் தகப்பனுக்கு அந்த வீட்டால் என்ன பயன்?

மாறாக, மறைமலைநகரிலோ ஒரகடத்திலோ வேலை செய்பவருக்குக் கூடுவாஞ்சேரிதான் பக்கம். எனவே எந்தப் பகுதி மலிவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அடுத்தவர் வாங்கினார் என்று நாமும் வாங்கக் கூடாது.

விலைக்கு மேல் வரும் பதிவுச் செலவையும் முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். தமிழ்நாட்டில் மனைக்கும் பழைய வீட்டுக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். 35 லட்சத்துக்குப் பதிவு செய்தால் 3,15,000 ரூபாய். முதல் விற்பனையாக வரும் புதிய அடுக்குமாடி வீட்டுக்கு, மதிப்பு 50 லட்சம் வரை இருந்தால், முத்திரைத் தீர்வை 4 சதவீதம். பதிவுக் கட்டணத்தோடு 6 சதவீதம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. கட்டி முடிக்காத ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டியும் சேரும். வழக்கறிஞர், பத்திரம் எழுதுபவர், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகிய செலவுகள் தனி.

வங்கிக் கடன், வட்டி பற்றிய கேள்வி உள்ளவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உங்கள் ஆலிமிடம் பேசித் தெளிவு பெறுங்கள். கொடுத்த பிறகு கேட்டால், கெடு நெருங்கும் பதற்றத்தில் முடிவெடுக்க நேரும்.

தண்ணீர்: வருவதும் போவதும்

சென்னையைச் சுற்றி வீடு வாங்குகிறவர் மழைநீரைப் பற்றிக் கேட்காமல் வாங்கக் கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் பல நாள் தண்ணீர் நின்றது. ஏரியையும் சதுப்பு நிலத்தையும் ஒட்டி வீடுகள் வந்ததன் விளைவு இது. ஊர்ப் பெயரும் சில சமயம் காட்டிக்கொடுக்கும். பழவந்தாங்கல், அய்யப்பன்தாங்கல் போன்ற பெயர்களில் உள்ள 'தாங்கல்' என்பது சிறிய ஏரி. அதற்காக அங்கே எல்லாத் தெருவும் மூழ்கும் என்று பொருளில்லை. தெருவுக்குத் தெரு நிலை மாறும். விசாரிக்க வேண்டும் என்பதுதான் பொருள்.

விற்பவரிடமோ தரகரிடமோ இதைக் கேட்டுப் பயனில்லை. தெருமுனைக் கடைக்காரரிடம், "2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது? 2023-ல்?" என்று ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களில் நீர்க்கறைக் கோடு இருக்கிறதா, வீட்டுத் தரைமட்டத்தைவிடச் சாலை உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் அடித்தளத்தை நாலைந்து அடி உயர்த்துகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் இருக்கும்.

குடிநீரையும் இப்படியே விசாரியுங்கள். குழாய்த் தண்ணீர் வருகிறதா, ஆழ்துளைக் கிணறு மட்டும்தானா? உப்பா, நல்ல தண்ணீரா? மே மாதத்தில் லாரி வருகிறதா? பாதாளச் சாக்கடை உண்டா, செப்டிக் டேங்க்கா? மாநகராட்சியா, நகராட்சியா, ஊராட்சியா என்பதைப் பொறுத்தும் இந்த வசதிகள் மாறும்.

மூன்று முறை போய்ப் பாருங்கள்

தரகர் அழைத்துப் போவது பெரும்பாலும் ஞாயிறு காலையில். அன்று சாலையில் நெரிசல் இருக்காது, எல்லா ஊரும் அழகாகத்தான் தெரியும். நீங்களாக மூன்று முறை போங்கள். ஒருமுறை வேலை நாளில், காலை ஏழரை மணிக்கு அங்கிருந்து உங்கள் வேலையிடம் வரை ரயிலிலோ பேருந்திலோ பயணம் செய்து பாருங்கள். கடற்கரை - தாம்பரம் தடத்தில் கிடைப்பதுபோல் அடுத்தடுத்து ரயில் செங்கல்பட்டு வரையிலும் கும்மிடிப்பூண்டித் தடத்திலும் கிடைக்காது. ஒன்றைத் தவறவிட்டால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்னொரு முறை இரவு ஒன்பது மணிக்குப் போங்கள். தெருவிளக்கு எரிகிறதா, நம் மகளோ மருமகளோ நிலையத்திலிருந்து தனியே நடந்து வர முடியுமா என்று பாருங்கள். மூன்றாவது முறை, பெருமழை பெய்த மறுநாள்.

ஒரு முறையாவது வீட்டுப் பெண்களையும் பெரியவர்களையும் அழைத்துப் போங்கள். பகல் முழுதும் அங்கே இருக்கப் போவது அவர்கள்தான். மளிகை, மருந்துக்கடை, பிரசவம் பார்க்கும் மருத்துவமனை எங்கே என்று கேட்க அவர்களுக்குத் தோன்றும், நமக்குத் தோன்றாது.

"மெட்ரோ வரப்போகிறது", "பெரிய கம்பெனி வரப்போகிறது" என்பார்கள். வரலாம். ஆனால் வரப்போவதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்கே விலை சொல்கிறார்கள். இன்று இருப்பதை வைத்து நீங்கள் கணக்குப் போடுங்கள்.

பள்ளிவாசலும் மையவாடியும்

நம் குடும்பங்கள் கேட்கும் முதல் கேள்வி, "பக்கத்தில் பள்ளிவாசல் இருக்கிறதா?" நல்ல கேள்விதான். ஆனால் பாங்கு சத்தம் கேட்கும் தூரத்திலேயே வேண்டும் என்பதற்காகச் சக்திக்கு மீறி விலை கொடுக்க வேண்டியதில்லை. கால்மணி நேர நடையில் இருந்தாலும் போதும் என்று தேடினால், எட்டும் விலையில் இன்னும் பல தெருக்கள் கிடைக்கும்.

கேட்க மறந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. அந்த ஜமாஅத்துக்கு மையவாடி இருக்கிறதா? புதிய குடியிருப்புகள் சிலவற்றில் பள்ளிவாசல் வந்துவிட்டது, மையவாடி இல்லை. மௌத் நேர்ந்த வீட்டில், எந்த ஊருக்கு எடுத்துப் போவது என்று நள்ளிரவில் அலைய வேண்டியிருக்கும். புதிதாக வருபவர்களை ஜமாஅத்தில் சேர்க்க என்ன நடைமுறை, சந்தா எவ்வளவு, மக்தப் நடக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஜுமுஆவுக்கு ஒருநாள் அங்கே போய்த் தொழுதுவிட்டு, இமாமிடமும் நிர்வாகிகளிடமும் பேசினால், தண்ணீர் முதல் தரகர் வரை எல்லாச் செய்தியும் செலவில்லாமல் கிடைத்துவிடும்.

சில அடுக்ககங்களில் நம்மவர்களுக்கு விற்கத் தயங்குவதும், உணவைக் காரணம் காட்டித் தட்டிக்கழிப்பதும் நடக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அங்கே குடியிருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். அதே நேரம், நம்மவர்கள் மட்டுமே இருக்கும் தெருதான் வேண்டும் என்றும் சுருக்கிக்கொள்ள வேண்டாம். நல்ல பள்ளிக்கூடமும் நல்ல அண்டை வீட்டாரும் அமைந்த கலப்பான தெருக்களில் நிம்மதியாக வாழும் குடும்பங்கள் ஏராளம்.

மலிவுக்குக் காரணம் கேளுங்கள்

பக்கத்துத் தெருவைவிட ஒரு மனை மிக மலிவாகக் கிடைத்தால், அதற்குக் காரணம் இருக்கும். அது பெரும்பாலும் பத்திரங்களில்தான் இருக்கும்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொன்னால் ஏமாறாதீர்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. இடத்தைப் பொறுத்து சிஎம்டிஏ அல்லது டிடிசிபி அங்கீகார எண் வேண்டும். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமற்ற மனை என்றால், வரன்முறை ஆணையைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கும் எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்ககத்துக்கும் ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். ரெரா இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பட்டாவில் உள்ள சர்வே எண் நீர்நிலைப் புறம்போக்கில் வருகிறதா என்பதையும் பாருங்கள்.

பழைய பகுதிகளில் மலிவாக வரும் சில வீடுகளில் கட்டடம் மட்டும்தான் விற்பவருடையது. அடிமனை வக்ஃபுக்கோ கோயிலுக்கோ சொந்தம். வக்ஃப் நிலத்தை எவரும் விற்க முடியாது. விற்றாலும் சட்டப்படி செல்லாது. நம்மவர்களிடம் பரம்பரைச் சொத்து வாங்கும்போது, விற்பவரின் சகோதரிகளும் தாயாரும் கையெழுத்திடுகிறார்களா என்று பாருங்கள். பட்டா அண்ணன் தம்பி பெயரில் இருந்தாலும் பெண்களின் பங்கு அப்படியே இருக்கிறது. "அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்கியவர்கள் பிறகு நீதிமன்றப் படி ஏறுகிறார்கள்.

முடிவெடுக்கும் முன்

முடிந்தால், மனதுக்குப் பிடித்த பகுதியில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு மழைக்காலமும் அதில் வந்தால் நல்லது. வீடு மாற்றும் செலவு இருபது முப்பதாயிரம் ஆகலாம். வாழ்நாள் சேமிப்பைத் தவறான இடத்தில் போடுவதோடு பார்த்தால் அது சிறிய தொகை.

அவசரப்படுத்தும் தரகரிடம், "இன்று மாலைக்குள் டோக்கன் கொடுக்காவிட்டால் போய்விடும்" என்றால், போகட்டும் என்று சொல்லும் துணிவு வேண்டும். நமக்கென்று எழுதிய வீடு நம்மை விட்டுப் போகாது. விசாரித்து, கணக்குப் பார்த்து, வீட்டாரோடு மஷூரா செய்து எடுக்கும் முடிவில், இன்ஷா அல்லாஹ், பரக்கத் இருக்கும்.