சுரங்கப் பணியகம் நிலவியல் அளவைத்துறை ஆன கதை

ஒன்பதாம் வகுப்பில் புவி அகச்செயல்முறைகளை நடத்தும்போது, நான் ரிக்டர் அளவுகோலோடு நிறுத்திக்கொள்வதில்லை. கலிபோர்னியாவில் ஓர் அரசுத் துறை ஏன் பெயர் மாறிக்கொண்டே வந்தது என்பதையும் சொல்வேன். மாணவர்கள் கேள்வி கேட்கத் தொடங்குவது அங்கேதான்.

அம்மாநில அரசு 1860இல் ஜோசையா விட்னி தலைமையில் நிலவியல் அளவைப் பணியைத் தொடங்கியது. சட்டமன்றம் எதிர்பார்த்தது, தங்கம் எங்கே இருக்கிறது என்ற தகவலை. விட்னி வெளியிட்டதோ தொல்லுயிர் எச்சங்களைப் பற்றிய நூல்! 1874இல் நிதி நின்றது. (மவுண்ட் விட்னி சிகரம் இவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.) 1880இல் வந்த புதிய அமைப்புக்கு மாநிலச் சுரங்கப் பணியகம் என்றே பெயரிட்டார்கள். 1960களின் தொடக்கத்தில்தான் அது ‘சுரங்கம் மற்றும் நிலவியல் பிரிவு’ ஆனது.

அதன் வேலையை மாற்றியவை நிலநடுக்கங்கள். 1933 மார்ச் 10, மாலை 5.54 மணிக்கு லாங் பீச் பகுதி குலுங்கியது. சுமார் 70 பள்ளிகள் இடிந்தன. பள்ளி நேரம் முடிந்திருந்தது. அதுவே காலை பத்து மணியாக இருந்திருந்தால் என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். ஒரே மாதத்தில் பள்ளிக் கட்டட உறுதிக்கான ஃபீல்டு சட்டம் வந்தது.

கட்டடம் உறுதியாக இருந்தாலும் அதன் அடியில் நிலமே பிளந்தால்? 1971 சான் பெர்னாண்டோ நிலநடுக்கத்தில் பிளவுக்கோட்டின் மேல் நின்ற வீடுகள் சிதைந்தன. அடுத்த ஆண்டே ஆல்குவிஸ்ட்-பிரியோலோ சட்டம் வந்தது. செயல்படும் பிளவுகளைச் சுற்றி மாநில நிலவியலாளர் மண்டலம் வரைய வேண்டும். அதற்குள் வீடு கட்டுவோர் முதலில் நிலத்தை ஆராய வேண்டும். பிளவுக்குக் குறுக்கே நீண்ட குழி தோண்டி, மண் அடுக்குகள் எங்கே இடம் பெயர்ந்துள்ளன என்று பார்ப்பார்கள். ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்குள் நகர்ந்திருந்தால் அது செயல்படும் பிளவு. கட்டடம் பொதுவாக 50 அடி தள்ளியே நிற்க வேண்டும். 1989 நிலநடுக்கத்துக்குப் பின், நிலச்சரிவும் ஈரமணல் குழம்பாக இளகும் இடங்களும் இவ்வரைபடங்களில் சேர்ந்தன.

தங்கம் எங்கே என்று சொல்லப் பிறந்த துறை, எங்கே கட்டக்கூடாது என்று சொல்லும் துறையாகிவிட்டது. 2000களின் தொடக்கத்தில் அது ‘கலிபோர்னியா நிலவியல் அளவைத்துறை’ என்ற பெயருக்கு மாறியது. கனிம வரைபடப் பணியும் தொடர்கிறது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிவிடுங்கள். நம் பாடநூலில் ‘புவியியல்’ என்றால் ஜியாகிரபி. நம் மாநிலத்தின் ‘புவியியல் மற்றும் சுரங்கத்துறை’யிலோ அதே சொல் ஜியாலஜியைக் குறிக்கிறது. மாணவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. நான் ஜியாலஜிக்கு ‘நிலவியல்’ என்றே எழுதிப்போடுகிறேன்.

இன்று கலிபோர்னியாவில் அரசுப் பள்ளியோ மருத்துவமனையோ எழுப்பத் தயாரிக்கப்படும் நில ஆய்வறிக்கைகளைச் சரிபார்ப்பதும் இத்துறையின் நிலவியலாளர்கள்தான்.