உடைந்த மோட்டார் சைக்கிளும் இரண்டு குழாய்ப் பசையும்

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு வீடு ஓரிடத்திலும் காணி இன்னோரிடத்திலும் இருப்பது வழமையாகிவிட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, உயிர் தப்பியவர்கள் நீண்ட காலம் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்க நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளியும் பதுளை மாவட்டத்தில் பல குடும்பங்களைச் சொந்த இடத்திலிருந்து எழுப்பிவிட்டது. இப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் காணியைப் பார்க்கவும், போஞ்சியையும் கோவாவையும் சந்தைக்குக் கொண்டுபோகவும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடவும் உதவுவது பெரும்பாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான்.

அது உடைந்தால் என்ன செய்வது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்தப் பாவனைக்கான வாகனங்கள் மீண்டும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் கூடவே ஏறியது. ஆகவே, உடைந்ததை ஒட்டிப் பாவிக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இந்த ஒட்டு வேலையை எப்படிச் சரியாகச் செய்வது, எங்கே செய்யவே கூடாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எபொக்சி என்பது என்ன?

ஹாட்வெயார் கடையில் இரண்டு குழாய்களாக விற்கப்படும் பசையே இது. சுவிட்சர்லாந்தின் சீபா கம்பனி 1946இல் ‘அரல்டைட்’ என்ற பெயரில் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நம்மில் பலர் இன்றும் எல்லா வகைக்கும் அந்தப் பெயரையே சொல்கிறோம். ஒரு குழாயில் பிசின், மற்றதில் இறுக்கி. சாதாரண பசை ஈரம் உலர்ந்து ஒட்டும். எபொக்சியோ இரண்டும் கலந்து இரசாயன மாற்றம் அடைந்து கல்லாக இறுகும். ஆகவே அளவு பிழைத்தால் எத்தனை நாள் வைத்தாலும் அது இறுகாது. இறுக்கியைக் கூடப் போட்டால் பலம் கூடும் என்பது தவறான எண்ணம். பெரும்பாலான வகைகளுக்குச் சம அளவு போதும். ஆனாலும் பெட்டியில் உள்ள குறிப்பை வாசிக்க வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அவசரத்துக்கு நல்லது. ஆனால் சூட்டையும் ஈரத்தையும் அது குறைவாகவே தாங்கும். மெதுவாக இறுகும் வகை ஒரு நாள் எடுத்தாலும் உறுதியானது. மாவு போலப் பிசைந்து வைக்கும் வகையும், இரும்புத்தூள் கலந்த வகையும் உண்டு. சாதாரண வகை 60 முதல் 80 பாகை செல்சியஸ் சூட்டிலேயே மெதுமையாகத் தொடங்கும். எஞ்சின் வேலைக்கு அதிக சூடு தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கும் இரும்புத்தூள் வகையையே வாங்க வேண்டும்.

ஒட்டவே கூடாத இடங்கள்

பிரேக்கின் எந்தப் பாகமும், ஹேண்டில், முன் போர்க், சில்லு, அச்சு, சேஸி, கால் மிதி ஆகியவற்றை ஒருபோதும் ஒட்டக் கூடாது. காரணம் இதுதான். எபொக்சி நேராக இழுத்தாலும் அழுத்தினாலும் தாங்கும். ஆனால் ஓரத்திலிருந்து உரித்தால் போத்தலின் லேபல் போலக் கழன்றுவிடும். அடிக்கடி விழும் அதிர்ச்சியையும் அது தாங்காது. பசறை வீதியின் வளைவில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பிரேக் லீவர் கையோடு வந்தால், மிச்சம் பிடித்த பணத்தால் பயன் என்ன? சைலன்சர் எஞ்சினுடன் சேரும் இடத்திலும் பசை கருகிவிடும்.

ஒட்டக்கூடிய இடங்கள்

பக்க மூடி, லைட் கூடு, பற்றரிப் பெட்டி, எஞ்சினின் வெளி மூடியில் கல் பட்டு ஒயில் கசியும் சிறு வெடிப்பு ஆகியவற்றை ஒட்டலாம். பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் பி.பி. அல்லது பி.ஈ. என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அதில் எபொக்சி பிடிக்காது. வெடிப்பின் இரு பக்கமும் சிறு துளையிட்டு மெல்லிய செப்புக் கம்பியால் தைப்பதே அதற்கு வழி.

எஞ்சின் மூடியை ஒட்டும் முறை

1. ஒயிலை முழுவதும் வடித்து, மூடியைக் கழற்றுங்கள். கழற்ற முடியாவிட்டால் கராஜ் பாஸிடம் கொடுப்பதே நல்லது. உலோகத் தூள் எஞ்சினுக்குள் விழுந்தால் புதிய செலவு வரும்.

2. சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி உலர்த்துங்கள்.

3. வெடிப்பின் இரு முனைகளிலும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் துளையிடுங்கள். வெடிப்பு மேலும் ஓடாமல் இது தடுக்கும். பின்னர் அரத்தால் வெடிப்பை வாய்க்கால் போல அகலப்படுத்துங்கள்.

4. சுற்றிலும் 2 சென்றிமீற்றர் அகலத்துக்கு சாண்ட் பேப்பரால் தேயுங்கள். வழுவழுப்பான இடத்தில் பசை பிடிக்காது.

5. தின்னரில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள். பெற்றோல் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். துடைத்த இடத்தை விரலால் தொடாதீர்கள்.

6. தகரத் துண்டொன்றில் பசையை ஒரே நிறம் வரும்வரை கலந்து, வெடிப்புக்குள் அழுத்திப் பூசுங்கள்.

7. ஒரு நாள் முழுவதும் அசைக்காமல் வையுங்கள். பின்னர் ஒயில் ஊற்றி, கசிவு நின்றதா என்று பாருங்கள்.

நம் மலைக் குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறத்தாழ இரு மடங்காகும். பதுளை நகரம் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. அப்புத்தளையோ 1,400 மீற்றருக்கு மேல். ஆகவே மார்கழி, தை மாதங்களில் அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தில் இரண்டு நாள் விடுவது நல்லது. வெயிலில் வைக்கலாம். அடுப்பில் காட்ட வேண்டாம்.

பெற்றோல் தாங்கி

தாங்கியில் ஊசித்துளை விழுந்தால், வழியில் கட்டிச் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்து வீடுவரை வரலாம். சவர்க்காரம் பெற்றோலில் எளிதில் கரையாது. பின்னர் தாங்கியைக் கழற்றி, வடித்து, வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்து ஒட்டுங்கள். லயத்து அறைக்குள், அடுப்புக்கோ குப்பி விளக்குக்கோ அருகில் இந்த வேலை வேண்டாம். பெற்றோல் ஆவி தரையோடு ஊர்ந்து சென்று தீப்பிடிக்கும். வெறும் தாங்கியும் வெடிக்கும். ஆகவே அதை நீங்களே வெல்டிங் செய்யத் துணியாதீர்கள். துருப்பிடித்து ஒரு துளை விழுந்த தாங்கியில் அடுத்த துளையும் அருகில்தான் இருக்கும்.

உடலைக் காத்துக்கொள்வோம்

எபொக்சி தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் தொடரலாம். கையுறை இல்லாவிட்டால் பொலித்தீன் பையையாவது கையில் மாட்டுங்கள். பட்டால் சவர்க்காரத்தால் கழுவுங்கள், தின்னரால் அல்ல. இறுகிய பசையைத் தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். சமையல் பாத்திரத்தையும் குடிநீர்ப் பாத்திரத்தையும் இதனால் ஒட்ட வேண்டாம்.

ஒட்டு ஒரு கட்டுப் போன்றது

காயத்துக்குக் கட்டுப் போட்டாலும் வைத்தியரிடம் போகிறோம் அல்லவா? ஒட்டிய திகதியை அந்த இடத்திலேயே எழுதி வையுங்கள். தினமும் காலையில் ஒயில் அளவைப் பாருங்கள். ஒயில் வற்றிய எஞ்சின் ஒரே பயணத்தில் இறுகிவிடக்கூடும்.

அத்துடன் பாகத்துக்கான பணத்தைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பாகங்கள் கிடைக்கும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கி வரலாம். ஒரு பெட்டி எபொக்சியும் அப்படியே பலருக்குப் பயன்படும். மூடிகளை மட்டும் மாற்றிப் போடாதீர்கள், மாற்றினால் குழாய்கள் திறக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள். எதை ஒட்டலாம், எதை ஒட்டக்கூடாது என்ற பட்டியலை இளைஞர்கள் எழுதிச் சங்கக் கட்டடத்தில் தொங்கவிட்டால், அது ஓர் உயிரையாவது காக்கும்.