களையைக் கேட்டால் மண்ணின் கதை தெரியும்

பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் போகும் பலருக்கு உடையார்கட்டு என்றதும் 2009 ஜனவரிதான் நினைவுக்கு வரும். அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த ஊர் இது. முகாம்களில் இருந்து சனம் திரும்பியபோது காணிகள் பற்றை மூடிக் கிடந்தன. பற்றையை வெட்டித் துப்புரவாக்கியாயிற்று. ஆனால் மேட்டுநிலத்தில் களை மட்டும் ஓயவில்லை என்பதே கமக்காரரிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு.

நல்ல களைநாசினி இல்லை என்பார்கள். அது பாதிக் காரணம்தான். ஒரு காணியில் எந்தக் களை தலையெடுக்கும் என்பது, அங்கே எதைத் திரும்பத் திரும்ப விதைக்கிறோம், மண்ணுக்கு எதைக் கொடுக்கிறோம் என்பவற்றையும் பொறுத்தது.

ஆபிரிக்காவின் சவன்னாப் புல்வெளி நாடுகளில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. அங்கும் வன்னியைப் போலவே சில மாத மழையை நம்பிய பயிர்ச்செய்கைதான். முன்பு சில வருடம் பயிரிட்டு, பல வருடம் காணியைத் தரிசாக விடுவார்கள். காணி நெருக்கடியால் அந்த ஓய்வு குறைந்து, சோளமும் இறுங்கும் வருடாவருடம் அதே நிலத்தில் விதைக்கப்பட்டன. மண் இளைத்தது, ஸ்ட்ரைகா என்ற ஒட்டுண்ணிக் களை பெருகியது. அது பயிரின் வேரிலேயே ஒட்டி உறிஞ்சும். சத்துக் குறைந்த மண்ணில் பயிரின் வேர் அதிகமாகச் சுரக்கும் ஒரு பதார்த்தமே இந்தக் களையின் விதையை முளைக்க வைக்கிறது. அதே நிலத்தில் சில கௌபி இனங்களை விதைத்தால் களை விதை ஏமாந்து முளைத்து, ஒட்ட இடமில்லாமல் செத்துவிடும்.

எங்கள் பிரச்சினை ஸ்ட்ரைகா அல்ல, கோரையும் பார்த்தீனியமும். ஆனால் கணக்கு அதேதான். முன்பு விதைப்புக்கு முதல் காணியில் பட்டி அடைப்பார்கள். போரில் மாடுகள் போயின. எருவின் இடத்துக்கு யூரியா வந்தது. பயிர் வேர்விட முன்னரே எங்கும் வீசிய யூரியாவை முதலில் தின்பது களைதான்; முள்ளுக்கீரையின் செழிப்பைப் பார்த்தாலே விளங்கும். கோரையை உழவு இயந்திரம் அழிப்பதில்லை. கிழங்குகளை அறுத்துக் காணி முழுக்கப் பரப்புகிறது. பெரும்போகக் கச்சான் பிடுங்கியபின் வெறுமையாகக் கிடக்கும் நிலமோ பார்த்தீனியத்துக்கு வசதி. ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும்.

2021 இல் இரசாயனப் பசளைக்கும் களைநாசினிக்கும் ஒன்றாகத் தடை வந்தபோது, பலரிடம் எருவும் இல்லை, களை பிடுங்கக் கூலிக்குக் காசும் இல்லை. அந்த வருடக் கடைசியில் தடை தளர்ந்தது. ஆனால் இளைத்த மண் அப்படியேதான் இருக்கிறது. தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்களுக்கு இது இன்னும் பாரம். களை பிடுங்கும் நாட்கள் அவர்களுக்குக் கூலி இழந்த நாட்கள்.

சோளத்துக்கு இடையில் கௌபியோ பயறோ போட்டால் நிலம் சீக்கிரம் மூடும், மண்ணுக்கு நைதரசனும் சேரும். அடுத்த போகம் பயிரை மாற்றலாம். யூரியாவை வீசாமல், பிரித்துப் பிரித்துப் பயிரின் அடியில் இடலாம். எருவை நன்றாக உக்க வைத்தே போட வேண்டும்; பச்சை எருவோடு களை விதையும் வரும், குவியலின் சூட்டில்தான் அதில் பெரும்பகுதி சாகும். பார்த்தீனியத்தைப் பூக்க முன்னர், கையுறை போட்டு, வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் தொட்டால் தோல் அரிப்பு வரும்.