ஏளனத்துக்கு எட்டுப் புத்தகங்களில் பதில்

கம்பளி நெய்கிறவர்கள், செருப்புத் தைக்கிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள். கிறிஸ்தவத்தைப் போதிக்கிறவர்கள் யார் என்பதற்குச் செல்சஸ் தந்த பட்டியல் இது. கிரேக்கத் தத்துவம் கற்ற இவர், கி.பி. 178 வாக்கில் கிறிஸ்தவத்தைத் தாக்கி ஒரு நூல் எழுதினார். எசமானர்கள் முன்னால் வாய் திறக்கப் பயப்படும் இந்தக் கூட்டம், பிள்ளைகளும் பெண்களும் தனியாகக் கிடைத்தால் மட்டும் ஞானம் பேசுகிறது என்றார். குட்டையைச் சுற்றிக் கூட்டம் போடும் தவளைகள் என்றார். இயேசுவின் தாயைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

அந்த நூலின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. ஆனாலும் செல்சஸ் சொன்னதில் பெரும்பகுதி நமக்குத் தெரியும். காப்பாற்றிக் கொடுத்தவர் ஒரு கிறிஸ்தவர். சுமார் 70 ஆண்டுகள் கழித்து, நண்பர் அம்புரோஸ் கேட்டுக்கொண்டதற்காக, ஒரிஜன் எட்டுப் புத்தகங்களில் மறுப்பு எழுதினார். செல்சஸின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதி, அதற்குக் கீழேயே பதில் சொல்லிக்கொண்டு போனார். தாயைப் பற்றிய அவதூறைக்கூட ஒளிக்கவில்லை. நம் விசுவாசத்தைக் கேலி செய்கிறவருக்கு மரியாதையோடு பதில் சொல்வது எப்படி என்று கேட்கும் இளைஞர்களுக்கு நான் காட்ட விரும்புவது இதைத்தான். எதிராளி சொன்னதை, அவர் சொன்னபடியே, முழுசாகக் கேட்க வேண்டும். பாதியில் குறுக்கே விழுந்தால், கேலிக்குள் இருக்கும் உண்மையான கேள்வி நம் காதில் விழாமலே போய்விடும்.

ஒரிஜன் கடைசிவரை பொறுமை காத்தார் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கோமாளித்தனம் என்று எதிராளியைச் சாடுகிறார். அந்தப் பகுதிகள் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் இயேசுவின் எளிய பிறப்பைப் பற்றிய கேலிக்கு அவர் தரும் பதில் அருமை. ஏழைத் தாயின் மகன், பெரிய படிப்பில்லாதவர் என்பதையெல்லாம் ஒத்துக்கொள்கிறார். அப்படிப்பட்டவரின் பேச்சு உலகத்தையே அசைத்தது எப்படி என்று கேட்கிறார். செருப்புத் தைக்கிறவர்கள் விஷயத்திலும், அவர்கள் சொல்லிக்கொடுத்ததில் கெட்டது எது, காட்டுங்கள் என்கிறார்.

நம் ஊரில் அந்தக் கேலி வேறு உருவத்தில் வருகிறது. அலுவலகத்தில், கல்லூரி விடுதியில், சில சமயம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலேகூட: "அரிசிக்கும் பால் பவுடருக்கும் மாறினவங்கதானே நீங்க?" தாத்தா பாட்டியின் பசியைச் சொல்லிச் சிரிக்கும் பேச்சு இது. சுருக்கென்று தைக்கும். கோபம் வருவதில் தப்பே இல்லை. ஆனால் "உங்க சாமி மட்டும் என்னவாம்" என்று ஆரம்பித்தால், அந்தச் சண்டைக்குள் வராத, கேலி செய்தவருடைய அம்மாவின் பக்தியையும் சேர்த்துத்தான் மிதிக்கிறோம்.

சொல்வதற்கு நம்மிடம் வரலாறு இருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே பட்டினியில் செத்தது. ஒங்கோலில் ஊழியம் செய்த அமெரிக்க பாப்திஸ்து மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியைத் தோண்ட ஒப்பந்தம் எடுத்து, பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கிடைக்கச் செய்தார். அவர்களில் பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். நிவாரண வேலை நடக்கும்வரை கொடுக்கவே மாட்டேன் என்று மறுத்துவிட்டார். உதவிக்காக மாறினார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்பதுதான் காரணம். வேலையும் கூலியும் நின்ற பிறகும் அவர்கள் வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று, ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்தச் சபையில் பெரும்பாலோர் மாதிகர்கள், தோல் வேலை செய்து செருப்புத் தைத்த மக்கள். செல்சஸ் ஏளனம் செய்த அதே தொழில்.

எல்லா ஊரிலும் இப்படியே நடந்தது என்று வாதாட வேண்டாம். சோறு போட்ட கையைப் பார்த்து மனம் திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள். அதையும் தலை நிமிர்ந்தே சொல்லலாம். பசித்தவன் தனக்குச் சோறு போட்டவரின் கடவுளைப் பற்றிக் கேட்டதில் என்ன கேவலம்?

அதற்குப் பிறகும் சிரித்தால்? அத்தேனே பட்டணத்தில் பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசியபோது சிலர் பரிகாசம் செய்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள். பவுல் யாரையும் சபிக்கவில்லை. அங்கிருந்து கிளம்பிவிட்டார். சிலர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள்.